கோழி தூங்கி நின்றால்: அறிகுறி பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் வழி

தோட்டத்து லயங்களை விட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுன் ஓரத்துக்குக் குடிவந்தவர்களோடு கோழி வளர்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. பின்கட்டில் ஐந்தாறு கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி), ஒரு சேவல். பகலில் செம்பனை ஓரம்வரை போய் மேயும், மாலையில் தானாகக் கூட்டுக்கு வரும். முட்டை பிள்ளைகளுக்கு, சேவல் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. அதில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி மூலையில் நின்றால் வீடே கலங்கிப்போகும்.

"அக்கா, கோழி தூங்குது, என்ன மருந்து கொடுக்கலாம்?" பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. தூங்கி நிற்பது தனி நோய் அல்ல. குடற்புழு முதல் பறவைக் காய்ச்சல் வரை எது வந்தாலும் கோழி அப்படித்தான் நிற்கும். மேலும், தன் பலவீனத்தை வெளிக்காட்டாமல் முடிந்தவரை மறைப்பது கோழியின் குணம். நம் கண்ணில் படும்போது நோய் முற்றத் தொடங்கியிருக்கும். அதனால் கடைக்கு ஓடி ஏதோ ஒரு மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலப்பதற்கு முன், கால்மணி நேரம் அந்தக் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

மருந்துக்கு முன்னால்

முதலில் பிரித்து வையுங்கள். மற்ற கோழிகள் நெருங்காத, மழைச்சாரல் படாத, நிழலான இடத்தில் ஒரு கூடையோ பெட்டியோ போதும். அடியில் பழைய நாளிதழ் விரியுங்கள், எச்சம் தெளிவாகத் தெரியும். தண்ணீர் அருகிலேயே இருக்கட்டும். இரவில் மழை பெய்து குளிர்ந்தால் பெட்டியின் ஒரு பக்கம் துணி போட்டு மூடுங்கள். அந்தக் கோழிக்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். தீனி, தண்ணீர் வைக்கும்போது நல்ல கோழிகளைக் கவனித்த பிறகு கடைசியாக இதனிடம் வாருங்கள்.

அப்புறம் தலையில் தொடங்கி வால்வரை பாருங்கள். கண்ணில் நுரையோ வீக்கமோ உண்டா? மூக்குத் துளையில் நீர் வடிகிறதா? வாயைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? கழுத்துக்குக் கீழே தீனிப்பை எப்படி இருக்கிறது? நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை இல்லாமல் கத்தி முனைபோல் கையில் பட்டால், நோய் நேற்று வந்ததல்ல, வாரக்கணக்காக இருக்கிறது. இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் சிறகை விலக்கிப் பேன் தேடுங்கள். கடைசியாகப் பாதத்தின் அடிப்பக்கம்.

"உடம்பு கொதிக்குதே, காய்ச்சலா?" என்று பலர் பயப்படுவார்கள். கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியசுக்கு மேல். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் இருக்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

இதெல்லாம் பார்த்த பின் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: ஒரு கோழிக்கு மட்டுமா, பல கோழிகளுக்கா? ஒன்றுக்கு மட்டும் என்றால் முட்டை சிக்கல், தீனிப்பை அடைப்பு, காயம், விஷம் என்று யோசிக்கலாம். இரண்டு மூன்று நாளுக்குள் பலவற்றுக்குப் பரவுகிறது என்றால் அது தொற்று. அங்கே வழியே வேறு.

பல கோழிகள் சேர்ந்து சோர்ந்தால், திடீரென்று செத்தால்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்க் கழிச்சல், வாயைப் பிளந்து மூச்சு, முட்டை சட்டென்று நின்றுபோவது, பிழைத்தவற்றுக்குக் கழுத்துத் திருகல், கால் இழுப்பு. இவை வெள்ளைக்கழிச்சலின் அடையாளங்கள். கால்நடை அலுவலகத்தில் நியூகாசல் என்பார்கள், மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்தில் எட்டு ஒன்பது கோழிகள்கூடப் போய்விடும். இது வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக் எதுவும் இதைக் கொல்லாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கோழி தானாக விழுங்கும் நிலையில் இருந்தால் கொடுப்பதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி மற்ற கோழிகளைப் பிரிக்காமல் விட்டால் கூடு காலியாகிவிடும்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரிது. பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும்: திடீர்ச் சாவு, தலை வீக்கம், கொண்டை கருநீலமாவது, காலில் ரத்தத் திட்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். எச்5என்1 வகை 2004-இல் கிளந்தான் மாநிலத்தில் வந்தது, 2017-இல் மறுபடியும் அங்கேயே தலைகாட்டியது. நாட்டுக்கோழிகளும் அதில் சிக்கின. "நமக்கெல்லாம் வராது" என்று சொல்வதற்கு இடமே இல்லை.

ஆகவே ஒரே வாரத்தில் இரண்டுக்கு மேல் செத்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். நோயைத் தெரிவிக்கும் கடமை 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்திலும் இருக்கிறது. நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி, கால்நடை ஆய்வுக் கழகம் ஈப்போவிலேயே இருக்கிறது. மாதிரியை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

"சாகறதுக்குள்ள அறுத்திடலாமே" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் எழும். நாலு மாதம் தீனி போட்டு வளர்த்தது வீணாகிறதே என்ற வலி எனக்கும் புரிகிறது. ஆனால் பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றும் ஆபத்து அதிகமாக இருப்பதே நோய்க் கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுக்கும் அந்த நேரத்தில்தான். அந்தக் கைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையவை, பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். அறுக்காதீர்கள். அவசரமாகப் பசாரில் விற்கவும் வேண்டாம், அது நோயை அடுத்த கம்பத்துக்கு அனுப்புவதாகும்.

தடுப்பூசி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் சீக்கிரம் கெடாத வி4 என்ற ஆஸ்திரேலிய வகையை எடுத்து, செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகம் விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த காலத்தில், 1980-களில், இன்னும் வெப்பம் தாங்கும்படி மேம்படுத்தினார்கள். வீட்டுக் கோழிகளை மனத்தில் வைத்தே அதைச் செய்தார்கள். இப்படிப்பட்ட உயிர்த் தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். குப்பி ஒன்றில் நூறு கோழிக்கு மேல் வரும், திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். அதனால் தாமான் (குடியிருப்பு) முழுக்க நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது செலவுக்கும் நல்லது, நோய் சுற்றி வராமல் இருக்கவும் நல்லது. நலமாக இருக்கும் கோழிக்கு மட்டும் போடுங்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கும் வகையாக இருந்தால் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்துக் கலக்காதீர்கள், அதிலுள்ள குளோரின் மருந்தைச் சாகடித்துவிடும்.

எச்சம் மாறியிருந்தால்

நல்ல எச்சம் பழுப்பாகக் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். எட்டு பத்து தடவைக்கு ஒருமுறை கரும்பழுப்பில் பசைபோல, கடும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குடல்வாலில் இருந்து வருவது, நோய் இல்லை. அதைப் பார்த்துவிட்டு மருந்து கொடுப்பவர்கள் அதிகம்.

பச்சையாக இருந்தால் முதலில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கோழி சாப்பிடாமல் கிடந்தால் பித்தநீர் மட்டும் வெளியேறி எச்சம் பச்சையாகும். கீரை அதிகம் தின்றாலும் அப்படித்தான். பச்சையோடு மூச்சுத் திணறலும் இருந்தால் மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள். மத்தியான வெயிலில் அதிகம் தண்ணீர் குடித்து, எச்சம் நீர்த்துப் போனாலும் கோழி சுறுசுறுப்பாக இருந்தால் கவலை வேண்டாம்.

ரத்தம் கலந்திருந்தால், அதுவும் மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சு என்றால், ரத்தக்கழிச்சல் என்றே எடுத்துக்கொண்டு அன்றே வேலையைத் தொடங்குங்கள். குடலைத் தின்னும் ஒரு நுண்ணுயிரி இதைச் செய்கிறது. ஈரத் தரையும் வெப்பமும் இருந்தால் எச்சத்தில் வெளியேறிய முட்டைகள் ஓரிரு நாளிலேயே அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும். நம் ஊர் மழைக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. இதற்கு மருந்து ஆம்ப்ரோலியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 240 மில்லிகிராம் மருந்து சேர வேண்டும். 20 சதவிகிதப் பொடியாக இருந்தால் அது 1.2 கிராம், 9.6 சதவிகிதத் திரவமாக இருந்தால் 2.5 மில்லிலிட்டர். இதை ஐந்து நாள் கொடுத்து, பிறகு நாலில் ஒரு பங்கு அளவில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தொடர வேண்டும். வேறு தண்ணீர் கிடைக்கக் கூடாது, சாக்கடையோரம் குடித்துவிட்டு வந்தால் பயன் இல்லை. இன்னொன்று கவனியுங்கள். அந்தக் கிருமிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் தடுத்துத்தான் ஆம்ப்ரோலியம் வேலை செய்கிறது. "சத்துக்கு" என்று பி வைட்டமினையும் சேர்த்துக் கலந்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். மருந்து முடிந்த பின் வைட்டமின் கொடுங்கள். நனைந்த மரத்தூளை அள்ளி வெளியே போட்டுக் காய்ந்ததை விரியுங்கள், மருந்தின் பாதி பலன் அதில்தான்.

பெரிய கோழியின் எச்சத்தில் ஆரஞ்சு நிறச் சவ்வுத் துண்டு எப்போதாவது வந்தால் அது குடல் உதிர்த்த தோல், ரத்தம் அல்ல. வெள்ளை நூல்போல் நீளமாக ஏதாவது நெளிந்தால் உருளைப்புழு. அரிசி மணிபோல் தட்டையாக அசைந்தால் நாடாப்புழு. இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பைப்பரசின் உருளைப்புழுவைத்தான் வெளியேற்றும். நாடாப்புழுவுக்கு பிரசிகுவாண்டெல் வேண்டும், அதைக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். எறும்பு, வண்டு, நத்தை தின்று திரியும் கோழிக்கு நாடாப்புழு திரும்பத் திரும்ப வரும். புழு மருந்து கொடுத்து இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை கொடுங்கள், முதல் தடவையில் தப்பிய இளம்புழுக்கள் அதற்குள் வளர்ந்திருக்கும்.

மூச்சு சரியில்லை என்றால்

மதியம் இரண்டு மணிக்கு வாயைத் திறந்து, இறக்கையை அகட்டி நின்றால் அது வெயில். நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, காலை நனைத்துப் பாருங்கள். அரைமணியில் அடங்கினால் சரி. தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத கூடு என்றால் கூட்டைத்தான் மாற்ற வேண்டும்.

வெயில் இல்லாத நேரத்திலும் திணறினால் இரவு ஊரடங்கிய பின் கூட்டருகே போய்க் காது கொடுங்கள். கர்கர் என்ற சத்தமும் கண் ஓரத்தில் சோப்பு நுரைபோல் குமிழ்களும் இருந்தால் நாள்பட்ட சளி. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி காரணம். அது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும், அதனால் அந்தக் கோழியின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். முகத்தின் ஒரு பக்கம் உப்பி, மூக்கில் வடியும் சளி குமட்டும் நாற்றம் அடித்தால் கொரைசா. ஒரு கோழிக்கு வந்து இரண்டே நாளில் மற்றவற்றுக்கும் தாவும். இரண்டும் பாக்டீரியா நோய்கள், ஆன்டிபயாட்டிக்கால் குறையும். எந்த மருந்து, எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்லட்டும். பிழைத்த கோழி வாழ்நாள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும் என்பதால், அதோடு புதுக் கோழி சேர்த்தால் புதுசு படுத்துவிடும்.

கூட்டில் நுழைந்ததும் நம் கண் எரிந்தால் அது எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு. கோழி நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிறது. எந்தச் சளி மருந்துக்கும் முன் கூட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

தீனிப்பை காலையிலும் காலியாகாவிட்டால்

மாலையில் தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும், விடிந்ததும் தீனி போடும் முன் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்போல் கெட்டியாக இருந்தால் அடைப்பு. நீளப் புல்லோ, நைலான் கயிற்றுத் துண்டோ உள்ளே சுருண்டிருக்கும். தீனியை நிறுத்தி, அளவாகத் தண்ணீரும் ஓரிரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் கொடுத்து, ஒரு நாளில் சில தடவை மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். கல்லுப்பொடியும் வைக்க வேண்டும். கோழிக்குப் பல் இல்லை, கல்தான் அரைக்கும். பிசைந்தால் பலூன்போல் மெத்தென்று இருந்து, வாயில் புளித்த கள் வாடை வந்தால் உள்ளே ஈஸ்ட் பெருகியிருக்கிறது. அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். தலைகீழாகப் பிடித்துக் கொட்டவைக்கும் பழக்கம் வேண்டாம். அந்த நீர் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமிடத்தில் உயிர் போய்விடும்.

கொண்டை வெளுத்திருந்தால்

அடைகாக்கும்போதும் இறகு உதிரும்போதும் கொண்டை கொஞ்சம் வெளுப்பது இயல்பு. அப்படி இல்லாமல் வெளுத்தால் ரத்தம் எங்கோ போகிறது. முதலில் செல் என்னும் ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சியையும் பேனையும் தேடுங்கள். பகலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இரவில் டார்ச் எடுத்து, கோழி ஏறி உட்காரும் பரணின் இடுக்குகளைப் பாருங்கள். சில செல் வகைகள் பகலில் மரத்தில் ஒளிந்து, இரவில் மட்டும் கோழிமேல் ஏறி ரத்தம் குடிக்கும். கோழிக்கு உரிய பெர்மெத்ரின் பொடியைச் சிறகுக்குள் தூவி, கூட்டின் இடுக்குகளுக்கும் மருந்து போட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். முட்டையிலிருந்து புதிதாக வருபவற்றுக்கு அந்த இரண்டாம் தடவை கட்டாயம். மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குளியல் குழி ஒன்று எப்போதும் இருக்கட்டும். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து தெளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் வீரியம் கோழிக்கு ஏற்றதல்ல.

காலில் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அதுவும் ஒருவகைச் செல்தான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடித்துப் பூசுங்கள். சில வாரம் தொடர வேண்டும். மண்ணெண்ணெயில் முக்குவது பழைய வழக்கம், தோல் வெந்துபோகும்.

செல்லும் இல்லை, புழுவும் இல்லை, ஆனாலும் வெளுப்பு என்றால் எலி மருந்தை நினைத்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காக வைக்கும் மெழுகுக் கட்டிகளில் பல, ரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற கோழிக்கு உள்ளுக்குள் ரத்தம் கசியும், தோலுக்கு அடியில் நீலத் திட்டுகள் தெரியும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கோழியையும் முட்டையையும் யாரும் சாப்பிடக் கூடாது.

முகத்தில் கொப்புளம்

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுத்த பருக்கள் வந்தால் அம்மை. கொசு கடித்துப் பரவுகிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது நம் வழக்கம், தோலில் பூசலாம். போவிடோன் அயோடினும் தடவலாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதற்குள்தான் வைரஸ் இருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். கண் மூடிக்கொண்டால் கோழி தீனி தெரியாமல் பட்டினியால் செத்துப்போகும், ஆகவே உப்புநீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் திறந்துவிட்டு, தீனியை வாயருகே கொண்டுபோங்கள். வாய்க்குள் மஞ்சள் சவ்வாகப் படர்ந்தால் ஆபத்தான வகை, மூச்சு அடைக்கும். பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கிய நீரைக் கொட்டினால் வீட்டாருக்கு டெங்கி பயமும் குறையும், கோழிக்கு அம்மையும் குறையும்.

முட்டை வரவில்லை, அல்லது வரும்போது சிக்கல்

கோழி வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று, அடிக்கடி முக்கினால் முட்டை மாட்டியிருக்கலாம். அடிவயிற்றை மிக மெதுவாகத் தொட்டால் கடினமாகத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறுவரை இருபது நிமிடம் உட்காரவைத்து, துடைத்து, ஆசனவாயில் எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீரில் கரையும் கால்சியமும் கொடுக்கலாம். பல கோழிகளுக்கு இதிலேயே முட்டை வந்துவிடும். முட்டையை உள்ளேயே உடைக்காதீர்கள், ஓடு முட்டை வரும் குழாயைக் கிழிக்கும். ஒரு நாளுக்குள் வராவிட்டால் மருத்துவர்தான். வயிறு தண்ணீர்ப் பைபோல் தொங்கினால் அது முட்டைக்கரு உள்ளே சிந்திய அழற்சி, வீட்டு வைத்தியம் கிடையாது.

ஓடு இல்லாமல் தோல்முட்டையாக வந்தால் முதலில் தீனியைப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. மிச்சச் சோறும் சோளமும் மட்டும் தின்னும் கோழி அதை எங்கிருந்து எடுக்கும்? கேராங் (சிப்பி) சாப்பிட்ட ஓடுகளைக் கழுவி, காயவைத்து, இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும். முட்டைக் கோழிக்கான தீவனத்தையும் சேருங்கள். கால்சியம் போதுமான பிறகும் சுருக்கம் விழுந்த, உருக்குலைந்த முட்டைகள் பல கோழிகளில் வந்தால் அது தொற்று.

இறகைச் சிலிர்த்து, பெட்டியை விட்டு எழாமல், கையை நீட்டினால் கொக்கரித்துக் கொத்தும் கோழிக்கு நோய் இல்லை, அடையில் இருக்கிறது. நாளுக்கு ஒருமுறையாவது இறங்கித் தின்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கால் தாங்கினால், கழுத்துத் தொங்கினால்

பாதத்தின் அடியில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் முள்ளோ சிராயோ குத்திய புண். உப்புநீரில் ஊறவைத்து, மருந்து வைத்துக் கட்டி, பரணைத் தாழ்வாக்குங்கள். காலில் தலைமுடியோ தையல் நூலோ சுற்றி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது அடிக்கடி நடக்கிறது. சில மாத வயதுக் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து இல்லை. தடுப்பூசி குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போடுவது.

கழுத்து துணிபோல் தொங்கி, கால், இறக்கை, இமை எல்லாம் தளர்ந்தால் அழுகிய பிணத்தையோ அதன் புழுக்களையோ தின்றிருக்கும். அதில் உண்டாகும் நச்சுதான் காரணம். தோட்டத்து ஓரம் செத்த எலி கிடக்கிறதா என்று தேடி எடுத்துப் புதையுங்கள். களைக்கொல்லி அடித்த நாளில் கோழியை அவிழ்த்துவிடாதீர்கள். பாராகுவாட் இந்த நாட்டில் 2020 முதல் தடை செய்யப்பட்டது, இருந்தாலும் மற்ற மருந்துகள் புல்லில் படிந்திருக்கும்.

மருந்து கொடுக்கும்போது

சாப்பிடாத கோழிக்கு முதலில் தேவை நீர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து ஒரு நாள் வைக்கலாம். அதன் அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதுவே விழுங்கட்டும். நாக்கு தொடங்கும் இடத்தில், அதன் பின்னால்தான் மூச்சுத் துளை இருக்கிறது, ஊசிக்குழலால் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆன்டிபயாட்டிக் என்றால் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள், இரண்டு நாளில் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுக்கும் நாட்களில் கேராங் ஓட்டை எடுத்துவிடுங்கள், கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. மருந்து நாட்களிலும் அதன் பிறகு உறையில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்களிலும் வரும் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். உறையே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் பொடியை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது, குளோரம்பெனிகால் போன்ற தடை செய்யப்பட்ட மருந்தாகக்கூட இருக்கலாம்.

செத்துப்போனால்

காரணம் தெரிய வேண்டுமானால் உடலை இரண்டு அடுக்குப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். பிரீசரில் உறையவைத்தால் திசுக்கள் கெட்டு ஆய்வு கடினமாகும். கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தொடுங்கள். கொண்டுபோகவில்லை என்றால், கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தூரமாக, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆற்றில் வீசாதீர்கள்.

கூட்டில் எச்சத்தைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகுதான் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். அழுக்கின் மேல் குளோராக்ஸ் (குளோரின் கிருமிநாசினி) ஊற்றினால் வேலை செய்யாது. சில வாரம் வெயில் படும்படி காலியாக விடுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய புதுக் கோழி எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் ஒரு மாதம் தனியே வைத்து, எச்சமும் மூச்சும் பார்த்து, புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு இரண்டு வாரமாவது போன பிறகே பழைய கூட்டத்தோடு விடுங்கள்.